சேராங்கொட்டை அச்சு

நம் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். சட்டைக் கையையோ ரவிக்கைக் கையையோ மேலே தள்ளி இடது புஜத்தைப் பாருங்கள். சின்னக் காசு அளவுக்கு வட்டமாகக் குழிந்த தழும்பு ஒன்று இருக்கும். சிலருக்கு இரண்டு இருக்கும். குழிக்குள் பொடிப் பொடியாகப் புள்ளிகள் தெரியும். அதுதான் அம்மை குத்தின தழும்பு. நமக்கு ரொம்பப் பின்னால் பிறந்தவர்கள் கையில் இருப்பது காசநோய்க்குப் போட்ட வேறு ஊசி. பெரியம்மை என்ற நோயே அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு அந்தத் தழும்பு இருக்கிறது. என் தங்கச்சிக்கும் அதே கையில், அதே இடத்தில் ஒன்று இருக்கிறது. ஆனால் அவளுடையது குழியவில்லை. மேடு தட்டி, வழவழவென்று, ஓரமெல்லாம் கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்பு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஊசி நல்லதா கெட்டதா என்று இப்போது கைப்பேசியில் ஆளாளுக்குப் பிரசங்கம் செய்கிறார்கள். எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. ஆனால் நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. காய்கறிக்காரர் தராசைக்கூட இரண்டு தரம் பார்ப்பேன். மருந்துக்கடையில் கொடுக்கிற மாத்திரையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பேன். எங்கள் வீட்டில் நிலக்கடலையும் பருத்தியும் விளைந்ததைவிடச் சந்தேகம் நன்றாக விளைந்தது. அப்பாவிடமிருந்து எனக்கு மிச்சமில்லாமல் வந்து சேர்ந்த சொத்து அது ஒன்றுதான்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டி. பேருக்குக் கேரளம். பேச்சு, சம்பந்தம், சந்தை எல்லாம் கோயமுத்தூர்ப் பக்கம். ஒரே ஆளுக்கு இந்தப் பக்கம் ஒரு வயல், அந்தப் பக்கம் ஒரு தோட்டம் என்று இருக்கும். ஆபீசில் மலையாளத்தில் எழுதி நீட்டுவார்கள். அப்பா அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல என்னமோ இருக்குது" என்பார். நேராகப் பிடித்தாலும் அதைத்தான் சொல்வார். உர மூட்டையில் மண் கலக்கிறான், பால் சொசைட்டியில் அளக்கிற கண்ணாடிக் குழாயில் சூது இருக்கிறது, ரேடியோவில் மழை என்று சொன்னால் மழை வராது. இப்படித்தான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் போகும்.

அதற்கெல்லாம் மேலாக ஊசி. அதில் அப்பாவுக்கு ஒரு தனிக் கோபம் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு மயிலைக்காளை இருந்தது. சந்தைக்குப் பிடித்துக்கொண்டு போனால் ஆட்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். மாடுகளுக்கு வெக்கை நோய் வந்த சமயம் சர்க்கார் மாட்டு டாக்டர் வந்து எல்லா உருப்படிக்கும் ஊசி போட்டார். சில நாளில் மயிலை விழுந்துவிட்டது. ஊசி போடுவதற்கு முன்பே அது தீனி எடுக்காமல் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றது என்று அம்மா ரகசியமாக எங்களிடம் சொல்வாள். அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. ஊசி போட்டான், காளை செத்தது. அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. பள்ளிக்கூடம் விடுமுறை. எனக்கு அப்போது நாலாம் வகுப்பு முடிந்திருந்தது. தங்கச்சி வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியவள். சிலேட்டெல்லாம் வாங்கியாகிவிட்டது. அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். அப்பாவுக்கு அவள்மேல் உயிர். தோட்டத்துக்குப் போனால் தோளில், சந்தைக்குப் போனால் வண்டியின் முன்பக்கம். நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன் என்று சில நாள் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

அந்தக் கோடையில்தான் அச்சுக்குத்துக்காரர் வந்தார். அம்மை குத்துவதற்கு மலையாளத்தில் அச்சுக்குத்து என்று பேர். எங்கள் ஊரிலும் அப்படியே சொல்வோம். காக்கிச் சட்டை, சைக்கிள், பின்னால் கட்டின அலுமினியப் பெட்டி. பெட்டியைத் திறந்தால் ஸ்பிரிட்டு வாசம் வாசல் முழுக்கப் பரவும். எனக்கு அந்த வாசம் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்குக் குத்தினவரும் அவர்தான். கையைப் பிடித்துக்கொண்டே, "மேலே பாரு, குருவி போகுது" என்று சொல்லி, நான் பார்ப்பதற்குள் குத்திவிட்டார். குருவி எதுவும் போகவில்லை.

அவர் வந்த நேரம்தான் கெட்ட நேரம். மாரியம்மன் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்கு, சாட்டிக் கம்பம் நட்டாகிவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கவையாகப் பிரிந்த மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் நடுவார்கள். பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆண்கள் சுற்றி ஆடுவார்கள். கம்பம் நின்றதிலிருந்து அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிற வரைக்கும் ஆத்தா ஊருக்குள் இருக்கிறாள் என்று அர்த்தம். ஊரைவிட்டு வெளியே ராத் தங்கக் கூடாது. கல்யாணப் பேச்சு பேசக் கூடாது. வீட்டில் தாளிக்கிற சத்தம்கூடக் கேட்காது. அம்மையைத் தருகிறவளும் அவள், எடுக்கிறவளும் அவள். அவள் வந்து உட்கார்ந்திருக்கிற நாளில் அவளைத் தடுக்கிற ஊசியோடு ஒரு ஆள் வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்?

ஊரில் ஆளுக்கொரு பேச்சு. குடும்பக் கட்டுப்பாட்டு ஊசியைத்தான் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள் என்று ஒருவர். கஞ்சிக்கோட்டில் ஃபேக்டரி வேலைக்கு வெளியூர் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், அவர்கள் சீக்குக்கு நம் பிள்ளைகளைக் குத்துவானேன் என்று இன்னொருவர். கன்றுக்குட்டி வயிற்றில் புண் வரவைத்து அந்தச் சீழைத்தான் மருந்தாக எடுக்கிறார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். வேடிக்கை என்னவென்றால் இதுதான் நிஜம். நிஜத்தைக் கேட்டுத்தான் எல்லோரும் ரொம்பப் பயந்தார்கள்.

அச்சுக்குத்துக்காரர் எங்கள் வாசலில் சைக்கிளைச் சாத்தினார். தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தார். அவள் ஓடிப் போய் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"சேட்டா, மூத்த குட்டிக்கு ஸ்கூல்ல குத்தியாச்சு. இந்தச் சின்னக் குட்டிக்கு இதுவரைக்கும் இல்ல. ஜூன்ல சேர்க்கும்போ ஹெட்மாஸ்டர் தழும்பு பாக்கும். இல்லேன்னா சேர்க்க மாட்டாரு, கேட்டோ."

"கம்பம் நட்டிருக்குதுங்க. இப்ப அதப்பத்திப் பேசறதே தப்புங்க."

"அதுக்கென்ன? பகவதி வேற, நோவு வேற."

"உங்களுக்கு வேறயா இருக்கலாமுங்க. எங்களுக்கு ரண்டும் ஒன்னுதான்."

"ஒரு குத்து. ஒரு நிமிஷம் ஆவாது."

"மயிலைக்கும் ஒரு நிமிசந்தான் ஆச்சு" என்றார் அப்பா.

அச்சுக்குத்துக்காரருக்கு மயிலை யாரென்று தெரியவில்லை. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தலை மறைந்ததும் வெளியே வந்தாள்.

"ஏனுங்க, எங்கக்கா மூஞ்சியப் பாத்துப்போட்டுமா இப்படிப் பேசறீங்க?"

அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, சின்ன வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவள். முகம் முழுக்கக் குழி. ஒரு கண் வெள்ளையாகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. பிறந்த வீட்டிலேயே கிடந்தாள். நாங்கள் போனால் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் எங்களை மடியில் வைத்துக்கொள்வாள்.

"அது ஆத்தா போட்ட முத்து. அதுக்குப் போயி ஆரக் குத்தஞ் சொல்றது?"

"ஆத்தா போட்டதோ ஆரு போட்டதோ, என் புள்ளைக்கு வேண்டாமுங்க. குத்திப்போடலாமுங்க."

"கம்பம் நிக்கறப்பவா? ஊருக்குள்ள தல காட்ட முடியுமா? சர்க்காருக்கு நம்ம புள்ள மேல என்ன அக்கற? சும்மா தர்றான்னா சும்மா தர மாட்டான். என்னமோ இருக்குது."

"பள்ளிக்கூடம்?"

அப்பா தங்கச்சியின் சிலேட்டைப் பார்த்தார். அவருக்கு இரண்டும் வேண்டும். ஆத்தாளும் கோபிக்கக் கூடாது, மகளும் பள்ளிக்கூடம் போக வேண்டும். எல்லோரையும் சந்தேகப்படுகிற ஆளுக்கு யாரையாவது ஏமாற்றுவது ஒன்றும் பெரிய காரியமாகத் தோன்றாது என்பதை நான் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன்.

சேராங்கொட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வண்ணார் துணிக்கு அடையாளம் போடுகிற கொட்டை. அதைச் சுட்டால் கறுப்பாக ஒரு பால் கசியும். துணியில் வைத்தால் போகாது. தோலில் பட்டால் கொப்பளித்துப் புண்ணாகிவிடும். அப்பா அதை வைத்துத்தான் எங்கள் கடலை மூட்டைகளில் அடையாளம் போடுவார். மாட்டுக்குக் குளம்பில் புண் வந்தாலும் அதைத்தான் சுட்டு வைப்பார். அதில் அவர் கை தேர்ந்த ஆள். ஒரு சொட்டு அங்கே இங்கே சிந்தாது.

ஒரு நாள் மத்தியானம், ஊரே கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தபோது, அப்பா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனார். மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நிழலில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன். அப்பா சாணி வறட்டியில் நெருப்பு வைத்துக் கொட்டையைச் சுட்டார். கோணி தைக்கிற ஊசியால் அவள் புஜத்தில் வட்டமாகக் குத்தினார். அவள் முதலில் சிரித்தாள். அப்பா செய்தால் எல்லாம் விளையாட்டுத்தானே. பிறகு அந்தப் பாலைத் தொட்டு வைத்தார். அவள் அலறின அலறலில் கட்டுத்தரைக் கூரையில் இருந்த புறாக்கள் கிளம்பிவிட்டன.

அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பின அம்மா ஓடி வந்தாள். பார்த்தவுடன் அவளுக்கு விளங்கிவிட்டது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தேங்காயெண்ணெய் தடவினாள். தோல் கருகின அந்த நெடி இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. கம்பம் நின்ற நாளில் நல்ல ஊசி ஆகாது என்று சொன்ன மனுசன், அதே நாளில் கோணி ஊசியால் குத்தினார். ஆத்தாளின் நோயைத் தடுக்காத குத்து என்பதால் அது கணக்கில் வராதாம். அப்படித்தான் அவர் அம்மாவிடம் சொன்னார்.

கொப்புளம் எழும்பியது. பார்வைக்குக் கிட்டத்தட்ட அம்மை குத்தினது போலத்தான் இருந்தது. அப்பாவுக்கு உள்ளுக்குள் பெருமை. அச்சுக்குத்துக்காரர் சொன்னபடி மறுபடியும் வந்தபோது அவரே பிள்ளையைக் கூட்டி வந்து கையைக் காட்டினார்.

"குத்தியாச்சுங்க."

"ஆரு குத்தினது?"

"எல்லைக்கு அந்தப் பக்கம் எங்க ஒறம்பரை ஊடு இருக்குதுங்க. அங்க தமிழ்நாட்டு ஆளு வந்து குத்துனாங்க."

எல்லையில் குடியிருந்து அந்தப் பக்கம் உறவினரும் இருப்பதில் இது ஒரு சௌகரியம். எந்தப் பொய்யையும் அந்தப் பக்கத்தின் தலையில் கட்டிவிடலாம். அச்சுக்குத்துக்காரர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் ஓரத்தைத் தொட்டார்.

"இதென்ன கறுப்பு?"

"மருந்து வெச்சதுங்க."

அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா அவரைப் பார்த்தார். இரண்டு பேருமே மற்றவரை நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது. கடைசியில் அவர் பெட்டியை மூடிவிட்டார். "புண்ணுல சாணி, சாம்பல் ஒன்னும் வெக்கண்டா. காத்தாட விடு" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வைக்க வேண்டாம் என்றதாலேயே அப்பா வைத்தார் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் அப்பாவைத் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். மாட்டுப் புண்ணுக்கு வைக்கிற மாதிரி சாணிச் சாம்பலை எண்ணெயில் குழைத்து, அம்மா அந்தப் பக்கம் போன நேரம் பார்த்துப் பூசிவிட்டார். சீக்கிரம் ஆறிவிடும், தழும்பு நன்றாகத் தெரியும் என்று சொன்னார்.

கம்பம் பிடுங்குகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் தங்கச்சி கஞ்சி வேண்டாம் என்றாள். வாயைத் திற என்றால் திறக்க முடியவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து நான் அவள் கன்னத்தைக் கிள்ளினேன். முகம் சிரிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டது, ஆனால் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பாத்திரம் விழுந்த சத்தத்துக்கு உடம்பு முழுக்க வில்லாக வளைந்தது. எனக்கு அன்றைக்கு வந்த பயம் அதற்குப் பிறகு எதற்கும் வந்ததில்லை.

ஆத்தா கோபித்துக்கொண்டாள், கம்பத்துத் தண்ணீர் கொண்டு வா என்று அப்பா கத்தினார். கோயிலுக்கு ஓடத் திரும்பினார். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"வண்டியப் பூட்டுங்க."

"கம்பம் நிக்குது. ராத்திரி தங்க வேண்டி வந்துட்டா..."

"பூட்டறீங்களா, நா இடுப்புல வெச்சுட்டு நடக்கட்டுமா?"

அம்மா அப்பாவுக்கு உத்தரவு போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வண்டி பூட்டினார்கள். கோயில் தாண்டுகிற வரைக்கும் நான் பின்னாலேயே ஓடினேன். வழியில் கோயிலைத் தாண்டும்போது அம்மா கும்பிடவில்லை. பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். மேடு பள்ளத்தில் வண்டி ஆடக் கூடாது என்று அப்பா இறங்கி மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பாலக்காட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் தங்கச்சியை ஒரு இருட்டறையில் போட்டார்கள். வெளிச்சம் பட்டால் இழுக்கும், சத்தம் கேட்டால் இழுக்கும். நர்சுகள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்று அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறாள். டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, இது ஊசியால் வந்ததில்லை, புண்ணில் சாணி பட்டதால் வந்த விஷம், ரண ஜன்னி என்று இரண்டு பேரிடமும் சொன்னார். அம்மா கேட்டாள். அப்பாவும் கேட்டார்.

ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி கிளம்பிவிட்டது. அச்சுக்குத்துக்காரர் வந்தார், பிள்ளை கையில் புண், இப்போது பிள்ளை கிடையில். ஊர் கூட்டிப் பார்த்த கணக்கு அவ்வளவுதான். அப்பா அரிசியும் துணியும் எடுத்துப் போக வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஆட்கள் வாசலில் கூடி நின்றார்கள். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுகையைப் பார்த்தவர்கள் மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அச்சுக்குத்துக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். குத்துவதற்கு வரவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு வந்தார்.

"குட்டிக்கு எப்படி உண்டு?" என்று கேட்டார். அதற்குள் ஒருவர் சைக்கிளைப் பிடுங்கிவிட்டார். இன்னொருவர் சட்டையைப் பிடித்தார்.

"ஞான் இந்தக் குட்டிக்குக் குத்தல. சத்தியமா குத்தல. கேளுங்க, சேட்டன்கிட்டயே கேளுங்க!"

எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அப்பா இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். தமிழ்நாட்டு ஆள் என்ற பழைய பொய்யையாவது சொல்வார் என்று நினைத்தேன். அதைச் சொல்லியிருந்தால்கூட அந்த மனிதர் தப்பித்திருப்பார்.

"குத்துனது குத்துனதுதான். எவன் குத்துனா என்ன?" என்றார் அப்பா.

அது போதும் அவர்களுக்கு. அலுமினியப் பெட்டியைத் தூக்கி அடித்தார்கள். குப்பிகள் உடைந்தன. எனக்குப் பிடித்த அந்த ஸ்பிரிட்டு வாசம் வாசல் முழுக்கப் பரவியது. சைக்கிளை ஊர்க்கிணற்றில் போட்டார்கள். நோம்பி முடிந்து கம்பத்தை விடுகிற அதே கிணறு. அந்த மனிதர் கிழிந்த சட்டையோடு, உதடு வீங்கி, மேற்கே பார்த்து நடந்து போனார். தலையைத் திருப்பி எங்கள் வீட்டை ஒரு முறை பார்த்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. வேறு யாரும் எங்கள் ஊருக்குக் குத்த வரவும் இல்லை. வந்தாலும் யாரும் கை நீட்டியிருக்க மாட்டார்கள். பின்னால் போலியோ சொட்டு வந்த காலத்தில் ஜீப்பைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். அப்படிச் சாத்தின ஒரு வீட்டுப் பையன் காலை இழுத்து இழுத்துத்தான் பள்ளிக்கூடம் வந்தான்.

தங்கச்சி பிழைத்தாள். பள்ளிக்கூடம் திறந்து மழை பிடித்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். கையும் காலும் குச்சியாக இருந்தன. ஹெட்மாஸ்டர் தழும்பைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். அந்த வருஷம் அறுவடையில் அப்பா மூட்டைகளுக்கு அடையாளம் போடவில்லை. சேராங்கொட்டை வைத்திருந்த தகர டப்பாவையும் காணவில்லை. களத்தில் எங்கள் மூட்டையும் அடுத்தவர் மூட்டையும் கலந்து பெரிய சண்டை வந்தது. சாகிற வரைக்கும் அவர் மறுபடி அதைத் தொடவில்லை. வாயால் சொல்லாததை அவர் அப்படித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அது போதுமா என்றால், எனக்குப் போதவில்லை.

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அவளுக்கு அப்பன்னா உசுரு அம்மிணி. தெரிஞ்சா தாங்க மாட்டா. ஒன்ற வாயில வரப்படாது." வரவில்லை. தங்கச்சி வளர வளர ஊசியால் செத்துப் பிழைத்தவள் என்பதே அவளுக்குப் பேராகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எந்த ஊசி வந்தாலும் ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டுவாள், விட்டுவிடுவார்கள். கொஞ்சம் பெருமைகூட உண்டு. அப்பா அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். பெரியம்மை உலகத்தைவிட்டே போய்விட்டது என்று ரேடியோவில் சொன்னபோது, "பாரு, குத்தாமயே போயிருச்சு" என்றார். யார் யாரோ கை நீட்டிக் குத்திக்கொண்டதால்தான் போனது என்று நான் நினைத்தேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. நினைத்ததோடு சரி.

அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். தங்கச்சி கஞ்சிக்கோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஓய்வு பெற்று, ஒரே மகளுக்கும் கல்யாணம் ஆனது. அப்புறம் கொரோனா வந்தது. மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் ஊசி போட வேண்டும், வீட்டில் எல்லோரும் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் மாட்டேன் என்கிறாள். அம்மாவின் கையைப் பார்த்து வளர்ந்தவள் வேறென்ன சொல்வாள்? அடுத்த தெருவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி மூச்சு முட்டிப் போனாள் என்று கேள்விப்பட்டதும் நான் கிளம்பிவிட்டேன்.

தங்கச்சி சமையலறையில் இருந்தாள். நான் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுத்தரை, கோணி ஊசி, சேராங்கொட்டை, சாணிச் சாம்பல், டாக்டர் சொன்னது எல்லாம். அவள் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"ஊசி போட வெக்கறதுக்காகக் கதை கட்டறே" என்றாள்.

"இல்ல அம்மிணி."

"அப்பா செத்துப் போயிட்டாரு. அம்மாவும் இல்ல. கேக்கறதுக்கு ஆளில்லைன்னு இப்ப வந்து சொல்றே. அம்பது வருசமா எங்க போயிருந்தே அக்கா?"

அவளும் அந்த வீட்டுப் பெண்தானே. சந்தேகம் எனக்கு மட்டும் வந்த சொத்தா? எனக்கு வேறு வழி தெரியவில்லை. ரவிக்கைக் கையை மேலே தள்ளி என் புஜத்தை அவள் முன்னால் நீட்டினேன். "ஒன்றதையும் காட்டு" என்றேன். காட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இதைச் செய்ததில்லை. என்னுடையது குழி. அவளுடையது மேடு. அந்தக் கறுப்பு ஓரம், எங்கள் மூட்டைகளில் அப்பா போடுகிற வட்டத்தின் ஓரமேதான். மூட்டைக்கு மேல் ஏறி உட்கார்ந்து விளையாடினவள் அவள். அவளுக்கு அந்த வட்டம் தெரியும்.

கரண்டியைக் கீழே வைத்தாள். என் தழும்பைத் தொட்டாள், பிறகு தன்னுடையதைத் தொட்டாள். அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்த அச்சுக்குத்துக்காரரு என்னக்கா ஆனாரு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. யாருக்காக என்று நான் கேட்கப் போகவில்லை.

அந்த வாரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம். மூன்று பேரும் போனோம். தங்கச்சி முன்னால், அவள் மகள் பின்னால், அதற்குப் பின்னால் நான். எல்லாம் தெரிந்த பிறகும் தங்கச்சி சந்தேகத்தை விட்டுவிடவில்லை. நர்சிடம் மருந்துக் குப்பியைக் காட்டச் சொன்னாள். புது ஊசிதானா என்று உறையைப் பார்த்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா மயிலையின் மூக்கை இப்படி ஒரு தரம் பார்த்திருக்கலாம், டாக்டர் சொன்னதை இப்படி ஒரு தரம் கேட்டுத் தெளிந்திருக்கலாம்.

நர்ஸ் சின்னப் பெண். மலையாளத்துக்காரி. எந்தக் கை என்று கேட்டாள். தங்கச்சி இடது கையை நீட்டினாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்கும்போது அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு நர்ஸ் கேட்டாள்.

"இது பண்டு அச்சு குத்தினதா, அம்மே?"

தங்கச்சி ஒரு முறை திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இல்லீங்க. இது எங்கப்பன் குத்துனது."